நிலவுக்குப் போகும் நாள்

ஜனவரி 9, புதுதில்லி

கடுங்குளிர். தோட்டக்காரன் இன்றும் ரோஜாச் செடிகளைக் கவனிக்கவில்லை. அமைச்சர் வீட்டுத் தோட்டம் என்றால் தானாகப் பூத்துவிடும் என்று நினைக்கிறான்.

இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. வாசல் பலகையில் என் மகள் பெயரும் அதன் கீழே ‘விண்வெளித் துறை இணையமைச்சர்’ என்றும் இருக்கிறது. தினமும் காலையில் நானே அதைத் துடைக்கிறேன். வேலைக்காரர்கள் துடைத்தால் ஈரத்துணியின் கோடு தெரிகிறது.

என் மகள் மங்கையர்க்கரசி எம்.பி. இல்லை, வழக்கறிஞர். நவம்பரில் பிரதமர் தாமே கூப்பிட்டு அமைச்சராக்கினார். அப்படி வருகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு தொகுதியில் ஜெயித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பலகையைக் கழற்றிவிடுவார்கள். நம் பக்கத்தில் தேரிக்குளம் தொகுதி உறுப்பினர் இறந்துபோய் இடம் காலியாக இருக்கிறது. ஏப்ரலில் இடைத்தேர்தல். புதிய ஏவுதளம் இருப்பதும் அந்தத் தொகுதிக் கடற்கரையில்தான்.

நிலவில் இறங்கி மண்ணெடுத்துத் திரும்பப்போகும் நம் கலம் பிப்ரவரி 26 அன்று கிளம்பும் என்று பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்திருக்கிறார். அரசு பதவியேற்று அன்றோடு ஓராண்டு. தேர்தல் நடத்தை விதி மார்ச்சில்தான் வரும். அதற்குள் மங்கை ஏவுதள மேடையில் நின்று பேசிவிடலாம். திட்டமிட்டுக் காரியம் செய்வது என்றால் இதுதான். எங்கள் பாளையங்கோட்டைக் கான்வென்ட்டில் மதர் பெனடிக்டா இருந்திருந்தால் பிரதமருக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டியிருப்பார்.

ஜனவரி 23

நிலவுத் திட்டத்தின் இயக்குநர் டாக்டர் மொகுதூம் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தார். காயல்பட்டினத்துக்காரர். தலை முழுக்க வெள்ளை. இடியாப்பத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் நான் பேச்சை மாற்றினேன். இதுவரை எத்தனை அமைச்சர்களைப் பார்த்திருப்பார் என்று கேட்டேன்.

“எண்ணிக்கையை விட்டுட்டேம்மா. நான் சேர்ந்த புதுசுல ஒருத்தர். நிலா வரைபடத்தைக் காட்டினோம். ‘அங்க என்ன ரேஷன் கடையா தொறக்கப் போறீங்க’ன்னு கேட்டாரு. எஞ்சின் பாதி முடிஞ்சிருந்திச்சு. திட்டத்தை மூடிட்டாங்க.”

“அப்புறம்?”

“அடுத்து வந்தவருக்கு நிலா பிடிக்கும். மறுபடி தொறந்தாங்க. ஆனா கொடி பெருசா இருக்கணும்னாரு. இங்கேருந்து பாத்தா தெரியணுமாம்.”

மங்கைக்குப் புரையேறிவிட்டது. நான் தலையில் தட்டினேன்.

“சிரிக்காதீங்க மேடம். அதை எப்படிப் பண்றதுன்னு மூணு மாசம் கூட்டம் போட்டோம். அப்புறம் ஆட்சி மாறிச்சு. இன்னொரு தடவை மூடினாங்க. அதே எஞ்சின்தான். என்கூட அதை ஆரம்பிச்சவங்கள்ல பாதிப் பேரு ரிட்டயர் ஆயிட்டாங்க.”

இன்னும் ஓர் இடியாப்பம் எடுத்துக்கொண்டு, “நாங்க ராக்கெட் செய்யறதாத்தான் எல்லாரும் நினைக்காங்க. அது எவ்வளவு தூரம் போவும்ங்கிறதை முதல்ல முடிவு பண்றது டெல்லிதாம்மா” என்றார்.

அறிவாளி. ஆனால் சட்டைக் கையில் பொத்தான் இல்லை. கழற்றித் தரச் சொல்லித் தைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 3, தேரிக்குளம்

தேர்தலுக்காக இங்கே வீடு எடுத்திருக்கிறோம். எங்கு பார்த்தாலும் தேரி என்கிற செம்மணல் மேடு. பனை. வெள்ளைச் சேலை காலையில் கட்டினால் மதியத்துக்குள் காவியாகிவிடுகிறது. தினமும் இரண்டு சேலை.

சமையலுக்கு ஜெபமாலை என்றொரு பெண். வீடு கடற்கரைக் குடியிருப்பில். கணவருக்குச் சொந்தப் படகு. முதல் நாளே என்னை ‘மினிஸ்டரம்மா’ என்று கூப்பிட்டாள். நான் மினிஸ்டர் இல்லை, மினிஸ்டருடைய அம்மா என்று திருத்தினேன்.

“அதத்தானம்மா நானும் சொன்னேன்” என்றாள்.

மாவட்டச் செயலாளர் தளவாய் எப்போதும் சத்தமாகத்தான் பேசுகிறார். கட்சியில் நாற்பது வருடமாக இருப்பவராம். “கவலய விடுங்கம்மா. ராக்கெட்டு மேல போயிருச்சுன்னா ஓட்டு தானா கீழ விழும்” என்று உறுதி கொடுத்தார்.

பிப்ரவரி 8

தளவாய் சுவரொட்டிக்கு ஒரு மாதிரி கொண்டுவந்தார். அதில் மங்கை ராக்கெட்டை இடுப்பில் வைத்திருக்கிறாள், பச்சைப்பிள்ளையை வைத்திருப்பதுபோல. நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

“ஏம்மா, நல்லாத்தானே இருக்கு? தாய்மை தெரியுதுல்லா?”

“அவள் கல்யாணமே ஆகாதவள், தளவாய்.”

“நாட்டுக்கே தாயின்னு போட்டுருவோம்.”

இடுப்பிலிருந்து ராக்கெட்டை இறக்கிப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். கேட்டார். இந்தக் கட்சியில் நான் சொல்வதைக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

மாலையில் பிள்ளையார் கோயில்வரை நடந்தேன். மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சி.

பிப்ரவரி 15

மொகுதூம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். முகம் சரியில்லை. மங்கையோடு கூடத்தில் உட்கார்ந்து பேசினார். நான் பக்கத்தறையில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்ததால் காதில் விழுந்தது.

கலம் நிலவில் இறங்கும்போது எரிபொருளைத் திறந்து மூட ஒரு வால்வு இருக்கிறதாம். ஒரே சமயத்தில் செய்த எட்டு வால்வுகளில் ஒன்று கலத்துக்குள் இருக்கிறது. மற்ற ஏழையும் குளிரூட்டிச் சோதித்தபோது ஒன்று திறக்காமல் ஒட்டிக்கொண்டதாம். கலத்துக்குள் இருப்பது நன்றாகவும் இருக்கலாம், ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம். ராக்கெட்டின் உச்சியிலிருந்து கலத்தை இறக்கி வால்வை மாற்றாமல் தெரியாது. அப்படிச் செய்தால் 26ஆம் தேதி போய்விடும். இறங்கும் இடத்தில் வெயில் சரியாக விழும் நாள் மாதம் ஒருமுறைதான். அடுத்தது மார்ச் 28.

மார்ச் 28 என்றால் நடத்தை விதி வந்துவிடும். மங்கை ஏவுதளத்துக்குள் கால்வைக்க முடியாது. அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேச முடியாது.

“இதை நீங்க எழுத்துல கேக்கலாமே டாக்டர்?” என்றாள் மங்கை.

“கேக்கலாம் மேடம். ஆனா தேதியைப் பிரதமர் சபையில சொல்லிட்டாரு. அப்புறம் நாங்க தள்ளிவைங்கன்னு கேட்டா, விஞ்ஞானிங்க பயந்துட்டாங்கன்னு ஆவும். ஏற்கெனவே ரெண்டு தடவை மூடின திட்டம். மூணாவது தடவை மூட அந்த ஒரு காகிதம் போதும். நீங்க தள்ளிவெச்சா அது அரசு முடிவு.”

“அதாவது பயந்தது நான்னு ஆகணும்.”

மொகுதூம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

அவர் போனபின் மங்கையிடம் நான் என் கருத்தைச் சொன்னேன். ஏழில் ஆறு சரியாக இருக்கிறது. சொன்ன நாளில் செய்யாதவர்களை யார் மதிப்பார்கள்? கொடுத்த தேதி கொடுத்த வாக்கு. அவள் அப்பா முன்சீபாக இருந்த காலத்தில் ஒரு தீர்ப்பையும் ஒருநாள்கூடத் தள்ளிவைத்ததில்லை.

“அம்மா, அப்பா தீர்ப்பு நிலாவுல போய் இறங்க வேண்டியதில்லை” என்றாள்.

இந்தப் பேச்சை அவள் கோர்ட்டில் பேசட்டும்.

பிப்ரவரி 16

மங்கை கூட்டத்துக்குப் போயிருந்தாள். மொகுதூமுக்குச் சொல்லியனுப்பினேன், வந்தார். காபி கொடுத்தேன். சுற்றிவளைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. இந்தப் பெண் இந்தத் தேர்தலில் தோற்றால் உங்கள் துறைக்கு வேறு அமைச்சர் வருவார், அவரும் ரேஷன் கடையைப் பற்றிக் கேட்பார், அப்போது உங்கள் எஞ்சின் என்ன ஆகும், அதையும் யோசியுங்கள் என்றேன். நியாயமான வாதம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அவர் காபியை முழுதாகக் குடித்துமுடித்தார்.

“நீங்க சொல்றது நெசம்தாம்மா. நானும் ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைச்சேன். எல்லாம் தயார்னு சொல்லிட்டுப் போயிடலாம். சொல்றது ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா நான் சொன்னது அந்த வால்வுக்குக் கேக்காதே.”

மரியாதையாகத்தான் சொன்னார். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

பிப்ரவரி 17

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18

காலையில் மங்கை பிரதமரோடு தொலைபேசியில் பேசினாள். குறிப்பெடுக்க வேண்டியிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். நான் அந்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. பிரதமரின் ஆங்கிலம் நேர்த்தியானது. வினைச்சொல் எதுவும் இடம் தவறவில்லை.

மங்கை வால்வைப் பற்றிச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: “தேதி என்னுடையது. கலம் உங்கள் பொறுப்பு. எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.”

“தேதியை, சார்.”

“இந்தத் திட்டத்தை மேஜை இழுப்பறையிலிருந்து நான் எடுத்தபோது அமைச்சரவையில் எத்தனை பேர் சிரித்தார்கள் தெரியுமா? அவர்களுக்காகத்தான் தேதியைச் சொன்னேன். தேதி சொன்னால்தான் இந்த நாட்டில் கோப்பு நகர்கிறது.”

“நகர்ந்துவிட்டது, சார். இனி அது நிற்காமல் இருக்க வேண்டும்.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“நீங்கள் தோற்றால் நான் உங்களை வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் இடம் கொடுக்காது.”

“தெரியும், சார்.”

“அறிவிப்பு என் அலுவலகத்திலிருந்து வர வேண்டுமா?”

“வேண்டாம். என் பெயரில் வரட்டும்.”

மங்கை நிமிர்ந்து பார்த்தபோதுதான் மடித்த சேலைகளையே நான் மறுபடி மடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இந்த ஊர்ச் சலவைக்காரர் மடிப்பு சரியில்லை.

பிப்ரவரி 20

செய்தித்தாள்கள் வந்தன. ‘அமைச்சர் முடிவு: நிலவுப் பயணம் ஒத்திவைப்பு.’ காரணம் எதையும் அவள் சொல்லவில்லை, ‘கூடுதல் சோதனைகள்’ என்று மட்டும். எதிர்க்கட்சி வேட்பாளர் சட்டநாதன் அதற்குள் கடைத்தெருவில் பதாகை கட்டிவிட்டார்: ‘ஏறாத ராக்கெட்டுக்கு எதுக்கு ஓட்டு?’ எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறது.

தளவாய் கூடத்தில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “கையில இருந்த வெண்ணெயக் கடல்ல போட்டுட்டு நிக்கோம். நான் என்னத்தச் சொல்லி ஓட்டு கேப்பேன்? வெயில்ல வெந்து சாவுறதா?”

“உண்மையைச் சொல்லுங்க அண்ணாச்சி. இன்னும் தயாராகலன்னு” என்றாள் மங்கை.

“இந்த வார்த்தையச் சொல்லி ஜெயிச்ச ஒருத்தனக் காட்டுங்க, நான் மொட்ட போட்டுக்கிடுதேன்.”

எனக்கும் சிரிப்பு வரவில்லை. வெள்ளைச் சேலைகளை எடுத்து, தில்லிக்குப் போக வேண்டியவை, எங்கள் சென்னை வீட்டுக்குப் போக வேண்டியவை என்று பிரித்து வைத்தேன். எதற்கும் ஒழுங்காக இருப்பது நல்லது.

பிப்ரவரி 24

ஜெபமாலை காலையில் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். என்னவென்று கேட்டேன்.

“ஒத்திகன்னு சொல்லி ரெண்டு நாளு கடலுக்குப் போவாதன்னாவ. நெய்மீனு படுற நேரம். சரி, ராக்கெட்டு போவட்டும்னு கிடந்தோம். இப்பம் அடுத்த மாசமும் கிடக்கணுமாம். ஒங்க மவளுக்கு இது வெளாட்டா இருக்கு.”

இதை மங்கையிடம் சொன்னேன். மாலையே குடியிருப்புக்குக் கிளம்பிவிட்டாள். நானும் போனேன். கூட்டம் முழுக்கப் பெண்கள்தான் பேசினார்கள். ஆண்கள் வலைமீது உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஒருத்தி எழுந்து, “நிலாவுக்குப் போறியள, எங்க வீட்டுக்கு வர இம்புட்டு நாளாச்சா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி என்னைக் காட்டி, “இவுகளப் பாரு, கஞ்சி போட்ட சேலயும் அவுகளும். ராக்கெட்டயே இவுகதான் தேச்சி மடிச்சி வச்சிருப்பாவ போல” என்றாள்.

“மடித்துத்தான் வைத்திருக்கிறோம். கசங்கலோடு அனுப்பினால் நிலவில் இருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?” என்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதன் பிறகு மங்கை பேசினாள். தயாராகாததை ஏவிக் கடலில் போடுவதைவிட உங்களிடம் திட்டு வாங்குவது மேல் என்றாள். கலத்தைச் சோதித்து முடித்து, விஞ்ஞானிகள் எல்லோரும் தயார் என்று சொன்ன பிறகுதான் இனிமேல் கடலை மூடச் சொல்வார்கள், ஒத்திகைக்காக மூட மாட்டார்கள் என்றாள். நாளையே உத்தரவு போடுவதாகவும் சொன்னாள்.

“போட்டா பாப்போம்” என்றார் ஜெபமாலையின் கணவர். இது அவர்கள் பேச்சில் பாராட்டு என்று ஜெபமாலை திரும்பும் வழியில் சொன்னாள்.

நாளை என்று சொன்ன உத்தரவில் மங்கை இரவே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மார்ச் 5

நடத்தை விதி வந்துவிட்டது. அரசு வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். நம் சுவரொட்டிகளில் மங்கை பக்கத்தில் நிற்கும் ராக்கெட் அரசுத் திட்டமாம். தாசில்தார் ஆட்கள் வெள்ளைத்தாள் ஒட்டி அதை மூடிவிட்டார்கள். இப்போது மங்கை ஊரெங்கும் ஒரு வெள்ளைத் தூண் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். தளவாய்க்கு அழுகை வராத குறை.

மார்ச் 11

மதியம் தொலைபேசி அடித்தது. மொகுதூம்.

“அம்மா, தேர்தல் நேரத்துல நான் அமைச்சர்கிட்ட அடிக்கடி பேசுறது நல்லா இருக்காது. முறையான அறிக்கை டெல்லி வழியா வந்துடும். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?”

“சொல்லுங்கள்.”

“கலத்துல இருந்த வால்வைக் கழட்டிச் சோதிச்சோம். ஒட்டிக்கிடுச்சு. முதல் தடவையே.”

அவர் தொண்டையைச் செருமினார். “26ஆம் தேதி விட்டிருந்தா, ஏறியிருக்கும்மா. எல்லாரும் கைதட்டியிருப்பாங்க. நிலாகிட்டப் போயி விழுந்திருக்கும்.”

புது வால்வு வேறு தொகுப்பிலிருந்து வருகிறதாம். அதை நூறு தடவை குளிரூட்டித் திறந்து பார்த்துவிட்டார்களாம். நல்லது என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், வெயிலினால்.

இரவில் மங்கையிடமும் தளவாயிடமும் சொன்னேன். தளவாய் எழுந்து குதித்தார். “இது போதும் தாயி! நாளைக்கே மேடையில போட்டு ஒடச்சிருவோம். ‘அன்னைக்கு நான் நிறுத்தாட்டா என்ன ஆயிருக்கும்’னு ஒரு கேள்வி. சட்டநாதன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடுவான்.”

“சொல்லக் கூடாது அண்ணாச்சி.”

“விதியா? அதெல்லாம் நாம பாத்துக்கிடலாம்.”

“விதி மட்டுமில்ல. கெட்டுப்போன வால்வை உள்ள வச்சுட்டாங்கன்னுதான் ஊர் பேசும். ராத்திரி பகல் பாக்காம அதைக் கண்டுபிடிச்சவங்களைத்தான் நாம குற்றவாளி ஆக்குவோம். அடுத்த தடவை குறை தெரிஞ்சா எவன் வந்து சொல்வான்?”

தளவாய் என்னைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல.

மங்கை சொல்வதுதான் சரி என்றேன். இந்த விஷயத்தில் அவசரம் கூடாது என்பதுதான் தொடக்கத்திலிருந்தே என் கருத்து.

மங்கை என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எனக்கு ஒரு தோசை கூடுதலாக வைத்தாள்.

மார்ச் 27

நாளைக் காலை ஏவுதல். ஜெபமாலை மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். அவள் கையில் பை இருந்ததால் கூடப் போன நான் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிடித்ததை ஏற்றாமல் திருப்பிக் கொண்டுவருவது முறையில்லை. வரும் வழியில் பிள்ளையார் கோயிலும் இருந்தது.

மார்ச் 28

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

ஏவுதளத்துக்குள் மங்கை போகக் கூடாது. அதனால் எப்போதும்போல ஓட்டுக் கேட்கக் கிளம்பினாள். நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். தேரிமேட்டுச் சாலையில் போனபோது எதிரே சட்டநாதனின் வண்டி, மேளம், கொடி எல்லாம் வந்தது. வழக்கமாக இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்துவார்கள். இன்று யாரும் கத்தவில்லை. இரண்டு வண்டிகளும் நின்றுவிட்டன. மேளக்காரர் மேளத்தை மணலில் இறக்கி வைத்தார். வீடுகளிலிருந்தும் பனங்காட்டிலிருந்தும் ஆட்கள் வந்து மேட்டில் ஏறினார்கள். ஒருவர் கைப்பேசியில் எண்ணுவதை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் கடலோரத்தில் வெளிச்சம். சத்தமே இல்லை. பனைகளுக்கு மேலே அது எழும்பியபோதும் சத்தமில்லை. சூரியன் இரண்டாவதாக ஒன்று முளைத்ததுபோல இருந்தது. பிறகு வந்தது சத்தம், காதில் இல்லை, மார்பில். காலடி மணல் நடுங்கியது. என் பக்கத்திலிருந்த கிழவர் கைகளைத் தலைக்குமேல் குவித்தார். அது போய்க்கொண்டே இருந்தது. மேகத்தைத் தாண்டி ஒரு வெள்ளைக் கோடு. கோட்டின் நுனியில் ஒரு பொறி. பிறகு அதுவும் இல்லை.

யாரோ, “போயிட்டு!” என்றார்கள். அவ்வளவுதான். கூச்சல், விசில், கட்சி பேதமில்லாமல் கட்டிப்பிடித்தல். சட்டநாதன் தம் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். மங்கையின் முன்னால் நின்று, “வாழ்த்துக்கள்மா” என்றார். “உங்க ஊர்லேருந்துதான் போச்சு, உங்களுக்கும் வாழ்த்து” என்றாள் இவள்.

ஜனங்கள் எங்கள் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒலிபெருக்கியை மங்கையிடம் நீட்டினார்கள்.

“பேசுங்கம்மா! இன்னைக்குப் பேசாட்டா என்னைக்குப் பேசுவிய?”

மங்கை தலையசைத்தாள். “நான் இதைப் பத்திப் பேசக் கூடாது. விதி.”

“ஒங்க ராக்கெட்டப் பத்தி நீங்களே பேசக் கூடாதா?”

“கூடாது.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கடற்கரைக் குடியிருப்பில் என் சேலையைக் கேலி செய்தவள். “அவுகதான பேசக் கூடாது? நாம பேசலாம்லா!” என்று மணல்மேட்டில் ஏறி நின்றாள். “லே, கேளுங்க! எங்களயெல்லாம் கடலுக்குப் போவாதன்னு நிறுத்துன ஆளுக எத்தன பேரு உண்டு. வெளங்காதத வெளங்காதுன்னு ராக்கெட்டயே நிறுத்துன ஆளு இந்த ஒருத்திதாம்லே!”

மங்கை வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். நான் அழவில்லை. தேரி மணல் காற்றில் பறக்கும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 10

இறங்கிவிட்டது. வால்வு திறந்தது, மூடியது, திறந்தது. தொலைக்காட்சியில் மொகுதூம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே சிரித்தார். பொத்தான்கள் எல்லாம் இருந்தன.

ஏப்ரல் 20

வாக்கு எண்ணிக்கை. காலையில் நாம் பின்தங்கினோம். கடலைவிட்டு உள்ளே இருக்கும் ஊர்களின் ஓட்டெல்லாம் சட்டநாதனுக்குப் போயிற்று. அவர் சொந்த ஊர்க்காரர், குறை சொல்ல முடியாது. மங்கை அமைதியாகச் செய்தித்தாள் வாசித்தாள். நானும் வாசித்தேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று தளவாய் சொன்னார். அவர் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு கடற்கரைப் பெட்டிகள் திறந்தன. தளவாய் முதலில் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தார். அவர் சத்தமில்லாமல் வந்ததை இன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் மங்கையின் முன்னால் நின்று துண்டை இடுப்பில் கட்டினார்.

“தாயி, நான் மொட்ட போடணும்.”

சமையலறையில் ஜெபமாலை போட்ட குலவை தெருவரை கேட்டது. என் மகள், தேரிக்குளம் நாடாளுமன்ற உறுப்பினர். எழுதிப் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 25

நிலவின் மண் பூமிக்கு வந்துவிட்டது. பெட்டி வங்கக் கடலில் விழுந்தது, கப்பல் எடுத்து வந்தது. ஒரு கைப்பிடிதானாம். ஊரில் வெடிச் சத்தம் ஓயவில்லை. தளவாய் மொட்டைத் தலையோடு எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

மே 6, புதுதில்லி

பிரதமர் மங்கையைக் கூப்பிட்டுப் பெரிய துறை ஒன்று தருவதாகச் சொன்னாராம். இவள் இந்தத் துறையிலேயே இருக்கிறேன் என்றிருக்கிறாள். பதிலுக்கு ஒன்று கேட்டிருக்கிறாள். இனி எந்த ஏவுதலுக்கும் பிரதமரோ அமைச்சரோ நாள் சொல்லக் கூடாது. எங்கே போக வேண்டும் என்பதை அரசு சொல்லட்டும். எந்த நாளில் என்பதைத் திட்ட இயக்குநர் மட்டும் சொல்லட்டும்.

“என் கையைக் கட்டுகிறீர்கள்” என்றாராம் பிரதமர்.

“எனக்குப் பின்னால் வருகிறவர் கையையும் சேர்த்துத்தான், சார்” என்றாளாம்.

அவர் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டாராம். இன்று காலை அமைச்சரவை அதை ஏற்றது. அடுத்து செவ்வாய். அதற்கும் இன்றே ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். நாட்டை அவ்வளவு தூரம் அனுப்பிவைக்கிற தைரியம் ஒரு மேஜைமேல் தொடங்குகிறது. அந்த மேஜையில் என் மகளும் இருந்தாள் என்பதை நான் இங்கே எழுதிவைக்கிறேன். வேறு யாரிடமும் பெருமையடித்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. அடுத்த வீட்டம்மாளிடம் சொன்னது அவர் கேட்டதால்.

மாலையில் மொகுதூம் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். குரல் இளைஞனுடையதுபோல இருந்தது. செவ்வாய்க்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

“தயாரானதும்மா.”

ரொம்ப நல்லது என்றேன்.